இருபத்து மூன்று நிமிட வீணை

ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை. டைரியில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது: காலை 4.50 எழுந்தேன். பால் ஐந்து நிமிடம் தாமதம். 5.40 ராஜகீழ்ப்பாக்கம் நிறுத்தத்தில் பஸ். 6.05 நிலையம். பக்திப் பாட்டு நேரம், குறை இல்லை. 7.30 விளம்பரம் ஒன்று இரண்டு முறை ஓடிவிட்டது, சொல்லிவிட்டேன். 9.00 பொங்கல், காபி. 11.15 மாதக் கூட்டம். வானம் மூடியிருந்தது. மழை இல்லை.

நிலையம் என்று எழுதியிருப்பது மேற்குத் தாம்பரத்தில், கடைத் தெருவைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த தனியார் எஃப்.எம். வானொலி. நான் அங்கே நிகழ்ச்சித் தலைவர். என்ன பாட்டு, எந்த நேரத்தில், யார் குரலில் என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் போகும்.

அந்தப் பழைய டைரியை அலமாரியிலிருந்து எடுக்கக் காரணம் நிஷா. என்னிடம் வேலை கற்றவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போன மாதம் கூப்பிட்டாள்.

"மேடம், இனிமே மத்தியானம் ஃபுல்லா ஆளே கிடையாது. பாட்ட கம்ப்யூட்டரே எடுத்துக்கும். நடுவுல பேசுறதும் அதுவே. நாங்க சும்மா எட்டிப் பாத்தா போதும்."

"எட்டிப் பாக்குறியா?"

"எங்க மேடம், மீட்டிங்குக்கே டைம் சரியா இருக்கு. அத விடுங்க. நீங்க மியூசிக் சேனல் ஆரம்பிச்ச கதைய எழுதித் தாங்களேன். எங்க பசங்களுக்கு ஒண்ணும் தெரியல. ஆமா, அந்தச் சேனல் நிஜமா ஆரம்பிச்சதுக்கு மூணு வருஷம் முன்னாடியே உங்க கைக்கு வர்றதா இருந்துச்சாமே. ஏன் வரல?"

சேனல் தொடங்கிய கதையைப் பலர் பலவிதமாகச் சொல்லியாகிவிட்டது. அவள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

வேலை கற்ற வருடங்களைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். அரசு வானொலியில் தினக்கூலி அறிவிப்பாளராக நான்கு வருடம். அங்கே கற்றது, மைக்குக்குக் கேட்காமல் மூச்சு விடுவது. பிறகு சேலையூரில் ஒரு கேபிள்காரர் வீட்டுக் கார் ஷெட்டில் மாலை நேரப் பாட்டு நிகழ்ச்சி. ஒரு வீடியோ டெக், ஒரு தொலைபேசி, சுவர் முழுக்கக் கேசட். நேயர் கேட்ட பாட்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேபிள்காரர் தேடி எடுக்கும்வரை நான் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த தெருவில் இருப்பவர் போன் செய்து கேட்ட பாட்டைத் தன் வீட்டு டி.வி.யிலேயே பார்ப்பது அப்போது அதிசயம். அங்கே கற்றது, தேடும் சத்தம் கேட்காமல் பேசுவது. அதற்குப் பிறகுதான் இந்த எஃப்.எம்.

எங்கள் நிலைய இயக்குநர் கரீம் சார். ஒலிப் பொறியாளராக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர். அவர் அறையில் ரேடியோ எப்போதும் ஓடும், வாசலில் நிற்பவருக்குக் கேட்காது. "சின்னதா வச்சாதாம்மா தப்பு கேக்கும். பெருசா வச்சா பாட்டுதான் கேக்கும்" என்பார். தவறு நடந்தால் ஏன் என்று கேட்க மாட்டார். "மொதல்ல என்ன செஞ்சீங்க? அப்புறம்?" என்று படிப்படியாகக் கேட்பார். ஏன் என்று கேட்டால் ஆள் கதை கட்டத் தொடங்கிவிடுவான் என்பது அவர் எண்ணம்.

வானொலிக்காரர்களுக்குப் பெரிய பயம், சத்தமே இல்லாமல் போய்விடுவது. பாட்டு அனுப்பும் கணிப்பொறி நின்றால், பன்னிரண்டு விநாடி அமைதிக்குப் பிறகு ஒரு சி.டி. தானாக ஓடத் தொடங்கும்படி ஓர் ஏற்பாடு உண்டு. அந்த அவசர சி.டி.யை ஜூன் மாதம் நான் புதிதாகத் தயாரித்தேன். அதற்கு ஒரு விதித்தாள் இருந்தது. சினிமாப் பாட்டு கூடாது. எழுபது நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குரல் நிலையத்தின் பேரைச் சொல்லி, 'சிறிய தடங்கல், காத்திருங்கள்' என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுச் சரிபார்த்து, ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் டிக் போட்டு, கையெழுத்திட வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீணை டீச்சர் இருந்தார். அவர் வீட்டு முன் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு மாலைகள் உட்கார்ந்து பதிவு செய்தேன். தோடியும் சுபபந்துவராளியும் அவ்வளவு நிதானமாக வாசித்தார். பிறகு விதிப்படி மூன்றாவது நிமிடத்தில் என் குரலைச் செருகிக் கேட்டேன். ஆலாபனையின் நடுவில் யாரோ கதவை இடித்ததுபோல இருந்தது. எடுத்துவிட்டேன். ஒருபோதும் ஓடப்போகாத சி.டி.க்கு எதற்குக் குரல் என்று தோன்றியது. மூன்றாவது வரிக்கு எதிரிலும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைத்து என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நிகழ்ச்சி அது.

காரணம் சொல்லாமல் ரேடியோவில் வீணை தொடர்ந்து ஒலித்தால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். அந்த ஜூன் மாலையில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது வெறும் தோடி.

ஆகஸ்ட் மாதம் முதுபெரும் தலைவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார். பேர் வேண்டாம். ஊரே எந்த நேரத்திலும் வரக்கூடிய ஒரு செய்திக்குக் காத்திருந்தது.

வியாழக்கிழமைகளில் ஒரு மணிக்கு நான் நோட்டுப் புத்தகத்துடன் கடைத் தெருவில் இறங்கி நடப்பது வழக்கம். எந்தக் கடையில் எந்த நிலையம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்வேன். யாரிடமும் கேட்க மாட்டேன், காதால் மட்டும். அன்றும் 12.58-க்கு இறங்கினேன். முதல் ஐந்து கடைகளில் இரண்டுதான் நாங்கள். ஆறாவது வளையல் கடை. அங்கே வீணை கேட்டது.

நின்றேன். டீச்சரின் தோடி. கணிப்பொறி நின்றிருக்கிறது, பணியில் இருக்கும் தேவராஜ் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். மணி 1.07. தேவராஜ் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் பொறியாளராகச் சேர்ந்தவர். விதித்தாளில் எழுதியிருப்பதைச் செய்வார், எழுதாததைச் செய்ய மாட்டார். அதனால் எனக்குக் கவலை இல்லை. நடந்தேன்.

அடுத்த கடையிலும் வீணை. டிக் போட்டேன். அதற்கடுத்த பாத்திரக் கடையிலும். எதிர்ச் சாரியில் வேறு நிலையம் வைத்திருந்த மருந்துக் கடைக்காரர் எட்டி முள்ளைத் திருப்புவதைக் கண்ணால் பார்த்தேன். அங்கேயும் வீணை வந்தது. ஒரு கடையில் விட்ட சுரத்தை அடுத்த கடை வாங்கிக்கொண்டது. தெரு நெடுக நடந்தும் ஆலாபனை அறுபடவில்லை. மேகம் மூடிய வெளிச்சத்தில் யாருக்கும் நிழல் இல்லை. மீன் விற்பவர்கூடக் கூவவில்லை. பூக்காரம்மா ஈரச் சாக்கை இழுத்துக் கூடையின் மேல் மூடியது, தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல அவ்வளவு மெதுவாக இருந்தது. எங்கோ ஒரு ஷட்டர் இறங்கியது. பிறகு இன்னொன்று. அந்தச் சத்தம்கூட வீணைக்கு இடைஞ்சலாக இல்லாமல், மலைப்பக்கம் மழை வருவதுபோல நீண்டு வந்தது. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி, ஒருவரோடொருவர் பேசாமல், ரயில் நிலையம் பக்கம் போனார்கள். நான் டிக் போட்டுக்கொண்டே போனேன். தெரு முழுக்க நாங்கள். இப்படி ஒரு வியாழக்கிழமை எனக்கு அமைந்ததே இல்லை. அந்தச் சில நிமிடங்களில் நான் அடைந்த சந்தோஷத்தை இன்று நினைத்தால் உடல் கூசுகிறது, ஆனால் சந்தோஷம் என்பதுதான் உண்மை.

தெருமுனை டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், நோட்ட எடுத்துக்கினு நிக்கிறீங்க? வூட்டுக்குப் போய்ச் சேருங்க. பெரியவரு பூட்டாரு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? உங்க ரேடியோதான் அழுதுகினு கீதே!"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஓ, அதனால்தான் தேவராஜ் அந்த சி.டி.யைப் போட்டிருக்கிறார், அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். தெரு எங்களை நம்பியது. நான் தெருவை நம்பினேன்.

மூன்று மாடியும் ஓடி ஏறினேன். கட்டுப்பாட்டு அறையில் தேவராஜ் கணிப்பொறியின் பின்பக்கத்தில் குனிந்திருந்தார். கரீம் சார் நின்றபடி ரேடியோவில் காதை வைத்திருந்தார்.

"பெரியவர் போயிட்டாராம் சார்."

"யாரும்மா சொன்னது?"

"கீழ எல்லாரும் சொல்றாங்க சார். கடையெல்லாம் சாத்துறாங்க."

"அவங்களுக்கு யார் சொன்னது?"

கையிலிருந்த நோட்டில் வரிசையாக நின்ற டிக்குகளைப் பார்த்தேன்.

"சொல்லும்மா கல்பனா."

"நாம சார்."

அவர் தொலைபேசியை எடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஒரு பத்திரிகை நண்பரைப் பிடித்தார். கேட்டார். வைத்தார். "ரெண்டு இட்லி சாப்பிட்டாராம். இன்னொண்ணு கேட்டாராம்" என்றார்.

உயிரோடு இருக்கிறார் என்று மைக்கில் ஒரு வரி சொன்னால் முடிந்தது. ஆனால் எங்களைப் போன்ற தனியார் எஃப்.எம்.முக்குச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. பாட்டுப் போடலாம், அரட்டை அடிக்கலாம், ஒரு மனிதர் இட்லி சாப்பிட்டார் என்பதைச் சொல்லக் கூடாது.

மணி 1.26. "சிஸ்டம் வந்துருச்சு சார்" என்றார் தேவராஜ். "லிஸ்ட்ல அடுத்து இருக்கிறது டப்பாங்குத்து."

"அதப் போட்டா கீழருந்து கல்லு வரும்" என்றேன்.

"சோகப் பாட்டு?" என்றார் தேவராஜ்.

"போட்டா டிப்போவுல இருக்கிற பஸ்ஸும் திரும்ப வராது" என்றார் கரீம் சார். "நாம ஒண்ணும் சொல்லக் கூடாது. வேற யாராவது சொல்லணும். போன்ல யார் இருக்கா பாருங்க."

நான்கு தொலைபேசி இணைப்புகளின் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. கரீம் சாரே ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் குரல் உயரவே இல்லை. "வணக்கம்ங்க. எங்களுக்குத் தெரியாதுங்க. மெஷின் ரிப்பேருங்க. பாட்டு ஏதாவது வேணுமா உங்களுக்கு? சரிங்க, நன்றி." அடுத்தது. "மெஷின் ரிப்பேருங்க." மறுமுனையில் ஒருவர் கத்தியது எனக்கே கேட்டது: "மெஷினு ரிப்பேரானா வீணையா சார் வாசிக்கும்?"

ஏழெட்டுப் பேர் இருக்கும். எல்லோரும் ஒரே கேள்விதான். பிறகு ஒரு பெண்ணின் குரலுக்குக் கரீம் சாரின் புருவம் ஏறியது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "கேளம்பாக்கம், தையற்கடை. இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நான் ஓடிப்போய் மைக் முன் உட்கார்ந்தேன். தேவராஜ் வீணையை மெல்ல இறக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம்ங்க, சொல்லுங்க."

"மேடம், அரை மணி நேரமா வீணையாவே போடுறீங்க. நல்லாத்தான் கீது, கொற சொல்லல. ஆனா எங்க வூட்டுக்காரரு துணி வெட்டுற டேபிள் மேலயே படுத்துத் தூங்கிட்டாரு."

"அய்யோ."

"சாயங்காலம் நாலு ஜாக்கெட்டு குடுக்கணும் மேடம். கல்யாண ஜாக்கெட்டு. உலுக்கினா எழுந்திருக்க மாட்றாரு. எழுப்புற மாதிரி ஒண்ணு போடுங்க."

"என்ன பாட்டு வேணும்?"

"எதுனா போடுங்க. மோளம் சத்தமா இருக்கணும். அவரு பேரு சொல்லிடுங்க. வேணாம், சொன்னா கோச்சுப்பாரு. சும்மா போடுங்க."

சிரித்தேன். மைக்கில் சிரிப்பது என்று முடிவு செய்து சிரித்ததல்ல. தேவராஜ் விசையைத் தட்டினார். மேளம் விழுந்தது. மணி 1.30. வீணை ஒலித்தது இருபத்து மூன்று நிமிடம்.

கண்ணாடி ஜன்னலுக்குப் போய் நின்றேன். தெருவில் ஆட்கள் அப்படியே நின்று மேலே, எங்கள் மாடியைப் பார்த்தார்கள். யாரும் கல் எடுக்கவில்லை. மருந்துக் கடை ஷட்டர் முழங்கால் உயரம் ஏறியது. அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. பிறகு இடுப்பு. வளையல் கடைக்காரர் வெளியே வந்து பக்கத்துக் கடைக்காரரிடம் கையை விரித்து ஏதோ கேட்டார். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் தெரு திரும்ப வந்துவிட்டது. பூக்காரம்மா மட்டும் கூடையை மூடியபடியே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அது சுலபமான பகுதி.

நான்கு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அது வேறு ஊரில் இருந்தது, வேறு மொழியில் கோபப்பட்டது. வதந்தி பரப்பியதாகப் புகார் போயிருக்கிறது, மறுநாள் காலை பத்து மணிக்குள் பொறுப்பானவர் யார் என்று ஒரு பேர் வேண்டும், அந்த ஆள் இனி வேலையில் இருக்கக் கூடாது என்றார்கள். கரீம் சார் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். "மொதல்ல என்ன செஞ்சீங்க, அப்புறம் என்ன செஞ்சீங்க. ஏன்னு எழுத வேணாம்."

நிறுவனம் புதிதாகத் தொடங்கவிருந்த மியூசிக் சேனலுக்கு அடுத்த வாரம் என்னைத் தலைவராக அறிவிப்பதாக இருந்தது. அது எனக்கும் கரீம் சாருக்கும் மட்டும் தெரியும். கார் ஷெட்டில் தொடங்கிய பன்னிரண்டு வருடமும் அந்த ஒரு அறிவிப்பை நோக்கித்தான் நடந்திருந்தேன். தேவராஜுக்கு நாற்பத்தேழு வயது, பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள். அந்த வயதில் புதிதாக ஒரு கட்டுப்பாட்டு அறை கிடைக்காது.

என் தாளில் நேரங்களைச் சரியாக எழுதினேன். 12.58 இறங்கியது, 1.24 திரும்பியது, 1.30 மைக். அதில் ஒரு பொய் இல்லை. ஜூன் மாதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சி.டி. ஓடியபோது அதில் குரல் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. விதித்தாளில் மூன்றாவது வரிக்கு எதிரில் டிக் இருந்தது, கீழே என் கையெழுத்து இருந்தது. என் கையெழுத்தை அங்கே யாரும் சந்தேகப்பட்டதில்லை.

தேவராஜ் தன் தாளைக் கரீம் சாரிடம் கொடுக்கும்போது எழுத்து என் பக்கம் திரும்பியிருந்தது. அச்சு மாதிரிக் கையெழுத்து. 1.07 ஒலி நின்றது. 1.07.12 அவசர சி.டி. தானாக ஓடியது. 1.09 கணிப்பொறியை நிறுத்தித் திரும்ப இயக்கினேன். அப்படியே போய், கடைசியில்: மைக்கில் நானே ஓர் அறிவிப்பு செய்திருக்கலாம். செய்யவில்லை. தவறு என்னுடையது.

கரீம் சார் இரண்டு தாள்களையும் ஓர் உறையில் போட்டார். ஒட்டவில்லை. "சாயங்காலம் எழுதினத சாயங்காலமே ஒட்டக் கூடாது" என்று மேசையின் நடுவில் வைத்தார். "காலையில எட்டு மணிக்கு வந்து படிச்சிட்டு ஃபேக்ஸ் அனுப்புறேன்."

கீழே இறங்கும்போது தேவராஜ் படியில் நின்று, "நீங்க போன்ல சிரிச்சீங்க பாருங்க மேடம், அதுலதான் தப்பிச்சோம்" என்றார். எனக்கு நன்றி சொன்னார். நான் தலையாட்டினேன்.

வீட்டில் அன்றைய பக்கத்தை எழுதினேன். நேரங்களை எல்லாம் வரிசையாக எழுதி முடித்தபின் பேனா நின்றது. பக்கங்களைப் பின்னால் புரட்டி ஜூன் மாதத்துக்குப் போனேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 'அவசர சி.டி. முடிந்தது. குரல் சேர்க்கவில்லை. சேர்த்தால் தோடி கெடுகிறது. யார் கேட்கப்போகிறார்கள்.' அன்றைய பக்கத்தில் மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. இன்றும் அதன் கீழ்ப்பாதி காலியாகத்தான் இருக்கிறது.

மறுநாள், ஆகஸ்ட் 20. வழக்கமான பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் முந்தைய பஸ்ஸைப் பிடித்தேன். காலை வேலை தேவராஜுடையது. கட்டுப்பாட்டு அறைக் கதவைத் திறந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. டைரியிலிருந்து கிழித்த ஜூன் பக்கத்தையும், அதன் அடியில், பொறுப்பு என்னுடையது என்று புதிதாக எழுதிய என் தாளையும் அவர் முன் வைத்தேன்.

"கரீம் சார் வர்றதுக்கு முன்னாடி நீங்க படிக்கணும் தேவராஜ் சார்."

ஒரு பாட்டு முடிவதற்கு இருந்தது. முதலில் அடுத்த பாட்டைச் சேர்த்தார். அது சரியாகத் தொடங்கியதைக் கேட்டார். பிறகுதான் படித்தார். இரண்டு முறை.

"மூணாவது வரி" என்றார்.

"ஆமா."

"இத நேத்தே சொல்லியிருந்தா ராத்திரி நான் தூங்கியிருப்பேனே மேடம்."

எழுந்து கரீம் சாரின் அறைக்குப் போய் அந்த உறையை எடுத்து வந்தார். தன் தாளை வெளியே எடுத்து, கடைசி வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். அடித்தலுக்குப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். நான் கொண்டுவந்த இரண்டு தாள்களையும் அதன் மேல் வைத்து, விளிம்பு தட்டிச் சேர்த்து, உறைக்குள் போட்டார்.